கோவான் பட்டியில ஒரு மாசக்கடைசி

லுவா எறகு வாங்குற பொம்பள. வண்டிக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் சாக்கு, முன்னாடி ஹேண்டில்ல ஒரு சின்ன ஒலிபெருக்கி. "கோழி எறகு, வாத்து எறகு, ஓட்டைச் சட்டி, ஒடஞ்ச ஃபேன்"னு அவ குரலே பதிவாகி ஓடிக்கிட்டு இருக்கும். வியட்நாம் வடக்குல, செந்நதி வண்டல் பூமியில, தாய்பின் பக்கத்து ஊருங்கள்ல அவ வண்டி நுழையாத சந்து கிடையாது. புருஷன் செங்கல் சூளைப் புகையில நெஞ்சு கெட்டுப் போய்ச் சேந்துட்டான். மக தெக்க செருப்பு ஃபேக்டரியில இருக்கா. வீட்ல மிச்சம் லுவாவும், புலி மாதிரி வரி போட்ட ஒரு நாயும். நாய் பேரு வென்.

லுவா ஒண்ணும் புண்ணியவதி இல்ல. நெலாக் கணக்கு மாசக்கடைசியில நாய்க்கறி தின்னா அந்த மாசத்துப் பீடை கழியும்னு அந்தச் சீமையே நம்புச்சு. புது மாசம் பொறந்துட்டா வாயைக் கழுவிட்டு சாமிக்கு ஊதுவத்தி. பாதி மாசம் வரைக்கும் நாய்க்கறிய எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். லுவாவும் எறா விழுதத் தொட்டுக்கிட்டு நல்லாவே தின்னிருக்கா. எங்கேருந்து வந்த நாய்னு அவ கேக்கல. யாருமே கேக்கல. யாரும் கேக்காத வரைக்கும்தான் அந்த வியாபாரம் நிக்கும்.

அன்னிக்குக் காலையில சுத்திட்டு வீடு திரும்புனா, வாசல்ல பக்கத்து வீட்டு தாவ் தொடப்பத்தோட நிக்கிறா.

"அக்கா, வென்னைத் தூக்கிட்டானுங்க. ரெண்டு பசங்க, ஒரு வண்டி. மின்சாரக் கம்பால ஒரு தொடு தொட்டான், நாய் சுருண்டுச்சு, சாக்குல போட்டான். நான் தொடப்பத்தத் தூக்கறதுக்குள்ள தெருவத் தாண்டிட்டான்."

"நம்பர் பாத்தியா?"

"பலகை பூரா சேத்தப் பூசியிருக்கான். நம்பர் காட்டிக்கிட்டா திருட வருவான்?"

லுவா சாக்க எறக்கிப் போட்டா. வண்டியத் திருப்புனா. "நாளைக்குத்தான மாசக்கடைசி. அதுவரைக்கும் வெட்ட மாட்டானுங்க. அதுக்குள்ள புடிச்சிடறேன்."

தூக்குன பசங்க யாருன்னு சந்தையில விசாரிக்கலாம்னு போனா. அங்க வெத்தலக் கடையில பொம்பளைங்க முட்டி மோதுறாங்க. பூவு, பாக்கு, வாழப்பழம்.

"ஏண்டி, இன்னிக்கே பூ வாங்குறீங்க?"

"நாளைக்கு மொத நாளு, சாமிக்கு வைக்க வேணாமா?" பாக்குக்காரி சிரிச்சா. "இது குறை மாசம், அக்கா. முப்பது கிடையாது, இருபத்தொம்பதோட முடியுது. எறகை எண்ணி எண்ணி நாள எண்ண மறந்துட்டியா?"

அப்ப மாசக்கடைசி நாளைக்கு இல்ல. இன்னிக்கு. இந்நேரம் டவுன் கடைங்கள்ல எண்ணெய் காஞ்சுக்கிட்டு இருக்கும்.

அந்தப் பக்கத்துல களவு நாய் எல்லாம் கடைசியா போய்ச் சேர்ற எடம் ஒண்ணுதான். கோவானோட நாய்ப் பட்டி. புடிக்கிறவன் அங்க கொண்டாந்து கொடுப்பான், கோவான் மாசக்கடைசியில டவுனுக்கு ஒரே லோடா ஏத்துவான். லுவாவுக்கு அவன் வீடு பழக்கம், அவன் பொண்டாட்டி கிட்டதான் வாத்து எறகு வாங்குவா. வயல் வரப்பு வழியாவே வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனா.

கேட்டு தொறந்திருக்கு. லாரி அப்படியே நிக்குது, ஏத்தல. கோவான் செருப்பக் கழட்டிட்டு, மூங்கில் குழாய்ல புகையிலை இழுத்துக்கிட்டு, டீயும் கையுமா உக்காந்திருக்கான். பின்னாடி இரும்புக் கூண்டுங்க. உள்ள நாய் மேல நாய். கொலைக்கல. தண்ணி இல்லாத நாக்குக்கு கொலைப்பு எங்கேருந்து வரும். ஒரு மூலையில வரித்தோலு தெரிஞ்சுது. அவளப் பாத்ததும் வென் எழுந்து நின்னுச்சு. நிக்க எடமில்ல. ஆனாலும் நின்னுச்சு.

"என் நாய்"னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா. போன வருஷம் ஒருத்தன் நாயத் தேடி வந்தப்ப, கோவான் முன்வாசல்ல டீ ஊத்தி உபசரிச்சுக்கிட்டே பின்வாசல் வழியா லோடை அனுப்பிட்டான். அது ஊருக்கே தெரியும்.

"வாக்கா. எறகு இல்ல. வீட்டுக்காரி மக பிரசவத்துக்குப் போயிருக்கா, பேத்தி பொறந்திருக்கு. டீ குடி."

"நீ இன்னும் லோடு ஏத்தலையா, தம்பி?"

"நாளைக்கு விடியக்காலையில. நாளைக்குத்தான மாசக்கடைசி."

அவன் தலைக்கு மேல சொவத்துல தேதி கிழிக்கிற காலண்டர். பல நாளா யாரும் கிழிக்கல. அந்த வீட்ல நாளு கெழமை பாக்கறது, காலண்டர் கிழிக்கிறது, சாமி மேடையத் தொடைக்கிறது எல்லாம் பொண்டாட்டி வேலை. பொண்டாட்டி ஊர்ல இல்ல. நாய் எடைய கண்ணாலயே சொல்ற ஆம்பளைக்கு இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியல.

லுவா கணக்குப் போட்டா. பொழுது சாயுற வரைக்கும் இவனுக்குத் தெரியாம இருந்தா போதும். விடிஞ்சா மொத நாளு. அப்புறம் அந்தக் கறிய எவனும் வாங்க மாட்டான், வென் பொழச்சுக்கும். அவ ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தா. "ஊத்து டீய."

"அந்த வரி நாய் ஏன் உன்னப் பாத்து இந்தக் குதி குதிக்குது?"

"நாள் பூரா வாத்து எறகுல கெடக்கேன். அதுக்கு நான் ஒரு பெரிய வாத்து."

கோவான் சிரிச்சான். உள்ள சார்ஜ்ல போட்டிருந்த போன் அடிச்சுது. டவுன் கடைக்காரன்தான், வேற யாரு. கோவான் எந்திரிச்சான்.

லுவா ஒலிபெருக்கிய முழு சத்தத்துல போட்டா. "கோழி எறகு, வாத்து எறகு, ஓட்டைச் சட்டி." நாய்ங்க அத்தனையும் ஒண்ணா ஊளையிட்டுச்சு.

"அணைக்கா அதை."

"பட்டன் மாட்டிக்கிச்சு, தம்பி. நீதான் லாரி எஞ்சினையே பிரிச்சு மாட்டுறவனாச்சே, இதப் பாக்க மாட்டியா?"

ஆம்பளைய உக்கார வைக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கோவான் ஒலிபெருக்கியப் பிரிச்சான். திருகாணி எல்லாத்தையும் தட்டுல போட்டான். போன் ரெண்டு தடவ அடிச்சு ஓஞ்சுது. "கடங்காரப் பசங்க, ரேட்டக் கொறைக்கச் சொல்லி உசுர எடுப்பானுங்க. அடிக்கட்டும்"னான். ஒரு திருகாணிய லுவா காலால நகத்தி செருப்புக்கடியில வெச்சுக்கிட்டா. அதத் தேடவே நல்லா நேரம் ஆச்சு. அப்புறம் பேத்தியப் பத்திக் கேட்டா. கோவான் முகம் மலர்ந்து போச்சு. மூக்கு யாரு மாதிரி, அழுக எப்படி, பேரு என்ன வைக்கலாம். லுவா நாலு பேரு சொன்னா, நாலும் அவனுக்குப் புடிக்கல. அஞ்சாவது தேடுனாங்க.

அக்கம்பக்கத்து வீட்டுங்கள்லேருந்து ஊதுவத்திப் புகை கெளம்புச்சு. பொழுது சாஞ்சாச்சு. போன் திரும்ப அடிச்சுது. இந்தத் தடவ கோவான் போய் எடுத்துட்டான். கடைக்காரன் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

"டேய், எங்கடா லோடு? வந்தவன்லாம் என்னக் கழுவி ஊத்திட்டுப் போறான். நாள் பூரா அடிக்கிறேன், எடுக்கல. வேற ஆள் கிட்ட வாங்கிட்டேன். இனிமே கொண்டாந்தா நீயே தின்னு."

கோவான் வெளிய வந்தான். "இது குறை மாசமா?"

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"மத்தியானமே தெரியும்."

அவ செருப்புக்கடியிலேருந்து திருகாணிய எடுத்துத் தட்டுல போட்டா. "அந்த வரி நாய் என்னோடது. இன்னிக்கு நீ தர மாட்ட. காலையில வர்றேன். அதுங்களுக்குத் தண்ணி வை."

கோவான் லுவா போற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம் அவன் தண்ணி எறைக்கிற சத்தம் கேட்டுச்சு.

ஊர் ஒலிபெருக்கியில அறிவிப்பு படிக்கிறது பக்கத்து வீட்டு தாவ்தான்; ராத்திரியே லுவா அவ கிட்ட எல்லாம் சொல்லிட்டா. விடிஞ்சப்ப அதுல தாவ் குரல். கூட்டுறவு அறிவிப்பு முடிஞ்சதும், நாய் தொலஞ்சவங்க எல்லாம் கோவான் பட்டிக்கு வரணும்னு சொன்னா. லுவா போய்ச் சேந்தப்ப பக்கத்து ஊருங்கள்லேருந்தும் கூட்டம் வந்தாச்சு. பாதிப் பேர் கையில கம்பு. நாய்த் திருடனை அந்தச் சீமையில அடிச்சே கொன்ன கதை உண்டு. கோவான் கூண்டோட ஒட்டி நிக்கிறான்.

லுவா கேட்டு நடுவுல போய் நின்னா.

"இன்னிக்கு மொத நாளு. இன்னிக்கு எவன் கை ஓங்கறானோ அவன் வீட்ல மாசம் பூரா சண்டை. கம்பக் கீழ போடு."

"அவன் எங்க நாயத் தின்னவன், அத்தே"னு கூட்டத்துல ஒருத்தன் கத்துனான்.

"இவன் வித்தான். தின்னது யாரு? மாசக்கடைசியில தின்னவங்க கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழும்பல. லுவா தன் கையத் தூக்குனா. கூட்டத்துல ஒரு கெழவன் தூக்குனான். அப்புறம் ஒரு பொம்பள. கம்பு புடிச்ச கைய எப்படித் தூக்கறதுன்னு தெரியாம ஒருத்தன் கம்பக் கீழ வெச்சான். அவனப் பாத்து அடுத்தவன் வெச்சான்.

கோவான் சாவிய எடுத்தான். "தொறந்து விடறேன். நாளைக்கு நான் எதத் தின்ன, அக்கா? பேத்திக்கு எதப் போட?"

"தெரியாது. அதுக்கு உக்காந்து பேசணும், பேசுவோம். நானும் இருக்கேன். மொதல்ல பூட்டத் தொற."

அவன் தொறந்தான். வென்னுக்குக் கால் மரத்துப் போச்சு, வெளிய வந்ததும் விழுந்துச்சு. லுவா வாரித் தோள்ல போட்டுக்கிட்டா. ஒரே மூத்திர நாத்தம். அவ கழுத்த அது நக்கிக்கிட்டே இருந்துச்சு. பின்னாடி ஒவ்வொரு கூண்டா சாவி திரும்புது, ஆளாளுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. பேர் சொல்ல ஆளில்லாத நாய்ங்க கோவான் காலச் சுத்தி நிக்குதுங்க. அவன் குனிஞ்சு, சாவிய இடுப்புல சொருகிட்டு, தண்ணித் தொட்டிய அதுங்க பக்கம் இழுத்தான்.