அண்டாவில் அம்மாவின் பெயர்

உத்திரமேரூர் கடைத்தெருவில் அம்மா அந்தப் பித்தளை அண்டாவை வாங்கியபோது எனக்கு ஏழு வயது. நடவு, களையெடுப்பு என்று சேற்றில் நின்று சேர்த்த கூலியில் வாங்கினாள். எங்கள் பக்கம் பெயர் வெட்டாமல் யாரும் பாத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊரெல்லாம் இரவல் போகும் சாமான், பெயர் இருந்தால்தான் திரும்பி வரும். கடைக்காரர் உளியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னா பேரும்மா போடணும்?" என்றார். வீட்டுக்காரர் பெயரைப் போடுவதுதான் வழக்கம். அந்தப் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்பதும் வழக்கம். அம்மா என் முதுகில் இடித்தாள்.

"நீ சொல்லு."

நான் அப்பாவின் பெயரைக் கடையே கேட்கும்படி சொன்னேன். அவர் வெட்டினார்.

என் வாயால் ஏறிய பெயர் அது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சல் வரும்.

மூன்று வருஷத்தில் அப்பா தென்னேரிப் பக்கம் இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டார். அங்கே இரண்டு மகன்கள். எங்களுக்கு அவர் விட்டுவிட்டுப் போனது அண்டாமேல் இருந்த பெயர் மட்டும்தான். இருபது வருஷம் கழித்து அவர் செத்தார். காரியம் முடிந்த மறுநாள் பெரிய மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"பெரிம்மா, அந்த அண்டா எங்கப்பாதுதான? பேரு போட்டுக்கீது பாரு."

"நான் வாங்கனதுப்பா அது."

"நீ வாங்கியிருந்தா உம்பேரு இல்ல இருக்கணும்?"

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, நடுவில் புகுந்தார். வருஷத் தெவசம் முடிந்ததும் நாலு பேரை வைத்துப் பேசிக்கொள்ளலாம், அதுவரை அண்டா இங்கேயே இருக்கட்டும் என்றார். அன்று அம்மா சாப்பிடவில்லை. அந்த வீட்டில் அவளே சம்பாதித்து அவளே வாங்கிய பொருள் அது ஒன்றுதான். அது போனால் அவள் பட்ட பாட்டுக்குச் சாட்சி எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்டாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். பழைய ஆள் இல்லை. பெயர் வெட்டும் மெஷின் பேனா வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா பெயரைப் பக்கத்தில் வெட்டச் சொன்னேன். அவர் பழைய பெயரைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு பேரு இருக்கற சாமான்ல இன்னொரு பேரு வெட்ட மாட்டேம்மா. திருட்டு சாமான்லாம் இப்படித்தான் வர்து. இவர இட்டாந்து சொல்லச் சொல்லு, வெட்றேன்."

"அவரு செத்துட்டாரு."

"அப்ப அவரு புள்ளைங்கள இட்டுகினு வா."

"நானும் அவரு புள்ளதான்."

"ஆம்பளப் புள்ளய சொல்றேம்மா."

கடைத்தெருவில் எல்லாக் கடையிலும் இதே பதில். அப்போதுதான் முடிவு செய்தேன், நானே வெட்டுவது என்று.

எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் போய்க் கேட்ட ஒரே ஆளும், "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இது?" என்றார். புத்தகம்தான் மிச்சம். முதலில் கிடைத்த தமிழ்ப் புத்தகம் ஒல்லியானது. பாதிப் புத்தகம் கலையின் பெருமை. உளியைத் தீட்டுவதற்கு ஒரே வரி: தக்க கோணத்தில் தீட்டவும். எது தக்க கோணம் என்று தெரிந்தவனுக்குப் புத்தகம் எதற்கு? தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

இரண்டாவது, சென்னையில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகம். ஒரகடத்தில் கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. போக வர கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் அர்த்தம் தேடித் தேடிப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. ஆனால் அதை எழுதியவன் ஒழுங்கான ஆள். கோணத்துக்குப் படம் போட்டிருந்தான். உளியை எங்கே பிடிப்பது, கட்டைவிரலை எங்கே ஊன்றுவது, எல்லாவற்றுக்கும் படம். படத்தில் இருந்த கைகளில் ஒரு நகத்தில்கூட அழுக்கு இல்லை. அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் சொன்ன உளி இங்கே எந்தக் கடையிலும் இல்லை. கம்பெனியில் உடைந்த டிரில் பிட்டைக் குப்பையில் போடுவார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு ஒன்றை வாங்கி வந்து கல்லில் தீட்டினேன். உள்ளங்கையில் அடங்குகிற கைப்பிடி வேண்டும் என்றது புத்தகம். ஒரு பம்பரத்தின் ஆணியைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் பிட்டைச் செருகினேன். அப்படியே உள்ளங்கையில் உட்கார்ந்தது.

முதல் தப்பு, எவர்சில்வர் டம்ளரில் பழகியது. வீட்டில் அதுதான் இருந்தது. முனை மூன்று தடவை உடைந்தது. பிறகு ஓட்டைப் பித்தளைத் தாம்பாளம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நேர்கோடு மட்டும் போடு, சலிக்கிறவரை போடு, சலித்த பிறகும் போடு என்று இருந்தது. ஞாயிறுதோறும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து போட்டேன். இடதுகை ஆள்காட்டி விரலில் உளி இரண்டு முறை ஏறியது.

வளைகோடு வந்தபோது புத்தகம் ஒரு விஷயம் சொன்னது. உளியைத் திருப்பாதே, பொருளைத் திருப்பு. உளி நேராகவே போக வேண்டும், தகடுதான் சுற்ற வேண்டும். அவனுக்குத் தகடு, சுற்றுகிற இடுக்கி, தோலில் தைத்த மணல் பை எல்லாம் இருந்தன. எனக்கு இருந்தது இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கிற அண்டா. இங்கிலீஷ் எழுத்தை அவன் அக்கு அக்காகப் பிரித்துக் காட்டியிருந்தான். தமிழ்ச் சுழிக்கு அவனிடம் வழி இல்லை. அம்மா பெயர் நான்கு எழுத்து, அதில் இரண்டு சுழி.

அம்மாதான் வைக்கோலை முறுக்கிப் பெரிய பிரிமணை ஒன்று செய்து கொடுத்தாள். பானைக்குக் கீழே வைக்கிற அதே பிரிமணைதான். அதில் அண்டாவைப் படுக்கவைத்தால் அசையாமல் கிடந்தது. ஆனால் இரண்டு கையாலும் தள்ளினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நான் உளியை நேராகப் பிடித்துக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்து, "மெள்ள, மெள்ள" என்று நான் சொல்லச் சொல்ல அம்மா அண்டாவைத் திருப்பினாள். அவள் பெயரின் சுழியை அவளேதான் சுற்றினாள்.

அப்பாவின் பெயருக்குக் கீழே வெட்டினோம். கடைசி எழுத்தின் கடைசிக் கோட்டில் உளி வழுக்கியது. மேலே பாய்ந்து அப்பாவின் பெயருக்குக் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வெட்டிய கோடு மின்னும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் பழசு மாதிரி கறுத்துவிடும். அதுவும் புத்தகத்தில் இருந்தது. தாம்பாளத்தில் செய்து பார்த்தேன், கறுத்தது. அண்டாவில் செய்யவில்லை. பொய் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் இல்லை.

தெவசம் முடிந்த மறுநாள் இரண்டு மகன்களும் வந்தார்கள். சித்தப்பாவும் ஊர்க்காரர்கள் சிலரும் உட்கார்ந்தார்கள். அண்டாவை வாசலில் வைத்தேன்.

"இன்னாடா இது, இன்னொரு பேரு பளபளன்னு மின்னுது?" என்றார் ஒருவர்.

"புதுசுதான். நான்தான் வெட்னேன்" என்றேன்.

"கம்பெனில காரு செய்றாளேன்னு பாத்தா, அண்டா வெட்டக் கத்துகினு வந்துக்கீறா." சிரித்தார்கள்.

பெரியவன் சிரிக்கவில்லை. கீறலில் விரலை வைத்தான். "செத்தவரு பேர்ல கோடு கிழிச்சிக்கீறியேக்கா."

"உளி வழுக்கிடுச்சி."

"கரெக்டா அவரு பேர்லதான் வழுக்குமா?"

அவன் கண் கலங்கியிருந்தது. அப்போது அம்மா எழுந்தாள்.

"வாங்கன அன்னிக்கு அவரு பேர நான் என் வாயால சொல்லல. அப்பவே எம்பேர சொல்லி இருந்தா இந்த பேஜாரே இல்ல. இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க."

அப்பாவின் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும் நிறுத்திச் சொன்னாள். "அவரு இந்த அண்டாவுக்கு ஒரு காசு குடுக்கல. நடவு நட்டு நான் வாங்கனேன்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணி அந்தப் பேர சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

பெரியவன் விரலை எடுத்தான். "வெச்சிக்க பெரிம்மா" என்றான். அவன் தம்பி அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

அவர்கள் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அந்தக் கோட்ட தேச்சிடு. அவரு பேர்மேல கோடு வேணாம். எம்பேரு இருந்தா போதும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் செய்தேன். வழுக்கிய கீறலுக்கென்றே புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. வழவழப்பான இரும்பால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் பித்தளை நகர்ந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும். ஒரு மத்தியானம் முழுவதும் தேய்த்தேன். நேராகப் பார்த்தால் இப்போது தெரியாது. சாய்வெயிலில் வைத்தால் தெரியும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் அதுவும் போய்விடும்.

நான் அதற்குமேல் தேய்க்கவில்லை.