கட்டையைப் பிடித்த கை

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தையலக்கா என்று பெயர். அவசரப் பிரிவில் டாக்டர் தைக்கும்போது காயம்பட்ட கையை அசையாமல் பிடித்துக்கொள்வாள். நெரிசலான நாட்களில் தானே தைப்பாள். முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. கடைத்தெருவில் யாராவது சிரித்தால் முதலில் கையைப் பார்ப்பாள். "ஓ, கட்டைவிரலா! நல்லா ஆறிடுச்சே."

வீட்டில் ஒரு கத்திக்கும் கூர் கிடையாது. தக்காளி நசுங்கும், வெட்டுப்படாது. "அம்மா வெட்டறதில்ல, மிரட்டிப் பார்ப்பா" என்பான் மகன்.

அவன் கட்டிக்கொண்டு வந்தது ஒரு பஸ் டிரைவரை. மாமியாரும் மருமகளும் இதுவரை சண்டை போட்டதில்லை. சண்டை போடும் அளவுக்குப் பேசிக்கொண்டதும் இல்லை. ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம், அத்தையும் வரட்டும் என்று மருமகள்தான் சொன்னாள். "சிறுசுங்க போயிட்டு வாங்க" என்று ஒப்புக்குச் சொன்ன தையலக்கா, அவர்கள் நிஜமாகவே விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் அன்றைக்கே பையைக் கட்டிவிட்டாள்.

ஏரிக்கரையில் கூடாரம் போட்டாயிற்று. மகன் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போயிருந்தான். மருமகள் விறகு பிளக்கச் சின்னக் கோடாலியை உறையிலிருந்து உருவினாள்.

"பார்த்தும்மா."

"சரி அத்தை."

"செருப்போட வேணாம், ஷூவைப் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள்.

"நின்னுக்கிட்டு வெட்டாத. மண்டி போடு. தவறினா மண்ணுல போகும், கால்ல போகாது."

மண்டி போட்டாள்.

"பிடி வழுக்குதா பாரு."

"அத்தை, என் பஸ்ல ஒரு ஊரே ஏறுது. ஒருத்தர்கூட இத்தனை தடவ பார்த்துப் போன்னு சொன்னதில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. தையலக்காவுக்குச் சுருக்கென்றது. இன்னொரு தரம் வாயைத் திறந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மருமகள் தடித்த மரத்துண்டு ஒன்றை அடியில் போட்டாள். கோடாலியின் வாயை விறகில் லேசாகப் பதித்து, விறகையும் கோடாலியையும் சேர்த்தே தூக்கி அந்தத் துண்டின்மேல் தட்டினாள். விறகு பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. அதற்கடுத்தது கோணல். கோடாலி அதில் பதியவில்லை. பொறுமையிழந்து, அதை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கோடாலியை ஓங்கினாள். கட்டை சாய்ந்தது.

தையலக்காவின் கை தானாக நீண்டு அதைப் பிடித்தது. எது அசைந்தாலும் பிடித்துப் பழகிய கை.

மருமகள் எப்படித் திருப்பினாளோ, கோடாலி பக்கத்து மண்ணில் இறங்கியது.

"கைய எடுங்க! அறிவிருக்கா அத்தை உங்களுக்கு? ஊர்ல உள்ள விரலையெல்லாம் தச்சீங்க. உங்க விரலை யாரு தைப்பா, நானா?"

கத்திய குரல் பாதியில் உடைந்தது. கோடாலியைத் தள்ளிப் போட்டுவிட்டு அத்தையின் கையை இழுத்து, ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள். தையலக்கா கையை அவளிடமே விட்டுவிட்டாள். அந்தக் கையை இப்படி யாரும் பார்த்ததில்லை.

"ஒண்ணும் ஆகலடி."

"ஆகியிருந்தா? உங்க பையன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? பேசாம உட்கார்ந்திருக்கீங்கன்னு நம்பித்தானே ஓங்கினேன்."

"நீதானே பேசாதேன்ன."

"நான் எப்ப சொன்னேன்?"

"வாயால சொல்லல. மூஞ்சிய வச்ச."

மருமகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பேசுங்க அத்தை. வாய் சும்மா இருந்தா உங்க கை வம்புக்குப் போகுது."

தையலக்கா எழுந்துபோய் நீளமான குச்சி ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். எட்ட உட்கார்ந்து, அதன் நுனியால் கட்டையைச் சாயாமல் அணைத்துக்கொண்டாள். மருமகள் இந்தத் தடவை ஓங்கவில்லை. கோடாலியைக் கட்டையின் தலையில் வைத்து, இன்னொரு விறகால் அதன் முதுகில் தட்டினாள்.

"மெதுவா. அவசரமே இல்ல. முடிய ஒதுக்கு, கண்ணுல விழுது."

"ம். அப்புறம்?"

"முழங்காலை உள்ள இழு."

கேனோடு வந்த மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா, அவளைக் கொஞ்சம் விடேன்."

மருமகள் திரும்பாமலே சொன்னாள்: "நீ போய் அடுப்புக்குக் கல்லு பொறுக்கு. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."