போகிறவர்களுக்கான வரி

அன்று ஓரகத்தியின் புது வீட்டில் பால் காய்ச்சும்போது இருந்தவர்கள் ஐந்து பேர்தான்: நான், என் வீட்டுக்காரர், அவர் தம்பி, தம்பி பொண்டாட்டியான அந்த ஓரகத்தி, வாசல் நிலைக்கு மேலே கல் பதிக்க வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த கல்வெட்டுக்காரர்.

மூத்தவள் நான், உத்திரமேரூர் ஏரிப்பக்கம் இன்னும் தகர ஷீட்டுக்கு அடியில் இருக்கிறேன். மழை வந்தால் எங்கே ஒழுகும் என்று அண்ணாந்து பார்த்தே பாதி ஆயுள் போயிற்று. அவளுக்குத் தளம் போட்ட வீடு. டைல்ஸில் கால் வைக்கவே எனக்கு எரிந்தது. "நல்லா கீது" என்று சொன்னால், நாளைக்கு விரிசல் விட்டதும் என் கண்தான் என்பார்கள். சொல்லாவிட்டால் பொறாமை என்பார்கள். இரண்டுக்கும் பயந்து முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

வாசலில் பூசணிக்காய் இல்லை. எங்கள் பக்கம் கண்ணும் மீசையும் வரைந்த திருஷ்டிப் பூசணி கட்டாமல் யாரும் குடிபோக மாட்டார்கள். அது தொங்கவேண்டிய இடத்தில் எழுத்து வெட்டிய ஒரு கறுப்புக் கல். எட்டாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டத் தெரியும். 'பாக்ஸ் இன்ட்ரான்டிபுஸ்' என்று வந்தது. அப்படி ஓர் இங்கிலீஷை நான் கேட்டதில்லை. மந்திரம்தான், என் கண்ணுக்கென்றே வெட்டவைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஏம்மே, ஊருக்கெல்லாம் பூசணிக்கா, எனுக்கு மட்டும் கல்லா?"

"இன்னாக்கா சொல்ற! பூசணிக்காவ உன் கொழுந்தன் மறந்துட்டாரு. இது லத்தீன்க்கா. கன்னியாஸ்திரிங்க ஹாஸ்டல்ல சமைச்சிக்கினு இருந்தேன்ல, அங்க வாசக் கேட்டுக்கு மேல எழுதியிருந்துச்சு. உள்ள வர்றவங்களுக்கு நிம்மதி, வெளிய போறவங்களுக்கு சொகம். சிஸ்டர் ஒருத்தங்க சொன்னாங்க."

"நிம்மதி வேற, சொகம் வேறயா?"

"வரும்போது மனசுக்கு, போம்போது ஒடம்புக்கு."

வீட்டைவிட அதுதான் என்னைச் சுட்டது. இவளும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். இவளுக்கு ஒருவர் நின்று அர்த்தம் சொல்லியிருக்கிறார். எனக்கு எதற்கும் யாரும் சொன்னதில்லை.

கல்வெட்டுக்காரர் ஏணியிலிருந்து குரல் கொடுத்தார்: "வர்றவங்களுக்குத்தாம்மா வெட்டிக்கீறேன். போறவங்க வரிக்குத் துட்டு வரல."

"அப்ப இன்னிக்கு வந்தவங்க யாரும் வூட்டுக்குப் போவாதீங்க," என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாசலைத் தாண்டித் தகர ஷீட்டுக்குத் திரும்பிப் போகிறவள் நான். எனக்கான வரி மட்டும் கல்லில் இல்லை. ஷீட்டு மாற்ற வைத்திருந்த பணத்தில் ஐந்நூறை எடுத்துக் கல்வெட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"போறவங்க வரி என்னோடது. வெட்டுங்க."

"உனுக்கு எதுக்குக்கா?" என்றாள் ஓரகத்தி. அவள் வீட்டில் ஒரு வரியாவது என் காசில் நிற்கட்டும். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு என் ஞாபகம் வரட்டும்.

இன்னும் வெட்டவில்லை. அந்த வரிக்கு ஆயிரத்தைந்நூறாம், இன்னும் ஆயிரம் ரூபாய் பாக்கி.