பஞ்சுருட்டான் செய்த காரியம்

பாளையம்பட்டிப் பக்கம் கண்மாய்க் கரையை வேலியடைத்துப் பறவைப் பூங்கா ஆக்கியதிலிருந்து, மார்கழிக் குளிரிலும் தினம் காலையில் அங்கே போய் நிற்கிறேன். திருட்டுத்தனமாகப் பீடி குடிக்கத்தான் போகிறேன் என்பது என் மனைவியின் தீர்ப்பு. ஆயுசு முழுக்கக் கேலி பேசித் திரிந்தவன், பட்டாம்பூச்சி பார்க்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

நம்பவைக்க ஒரு சாட்சியை வளர்த்து வந்தேன். அங்கிருந்த எலுமிச்சைச் செடியில் காக்கை எச்சம் மாதிரி ஒட்டிக் கிடந்த புழு, பச்சையாகப் பெருத்து, நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூடாகியிருந்தது. காவலுக்கு நான் ஒருவன் மட்டுமில்லை. மேலே மின்கம்பியில் ஒரு பச்சைப் பஞ்சுருட்டானும் உட்கார்ந்திருக்கும். வாலில் ஊசி செருகியதுபோல் இருக்கும் அந்தக் குருவிக்குத் தினமும் வணக்கம் வைப்பேன். வீட்டில் அதைப் பற்றிப் பேசினால் ‘நம்மாளு’ என்றுதான் சொல்வேன்.

பூச்சி வெளிவரும் அடையாளமாகக் கூடு கறுத்த மறுநாள், மனைவியைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடு வெடித்தது. கசங்கிய துணிபோல் வெளியே வந்த பட்டாம்பூச்சி, இளவெயிலில் உலர்ந்து கறுப்பும் மஞ்சளுமாகச் சிறகை விரித்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படிப் பிடித்ததாக ஞாபகமில்லை.

பூச்சி எழும்பிப் பறந்தது. நம்மாளு கம்பியிலிருந்து இறங்கி, அதைக் கவ்விக்கொண்டு திரும்பப் போய் உட்கார்ந்தது.

துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினேன். “ஏலே, விட்டுருலே. நம்மாளுலே நீ” என்று குருவியிடம் கெஞ்சினேன். கம்பியைப் பார்த்து நான் போட்ட கூப்பாட்டில், வயர் அறுந்துவிட்டதென்று நடைப்பயிற்சிக்காரர்கள் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். நான் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். குருவி நிதானமாகப் பூச்சியைக் கம்பியில் துணி துவைப்பதுபோல் அடித்தது. ஒரு சிறகு மட்டும் மிதந்து வந்து என் முன்னால் விழுந்தது.

“எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாக” என்றாள் மனைவி. அண்ணாந்து பார்த்துவிட்டு, “உங்காளு பசிக்குச் சாப்புடுறாக. அதுக்குப் போயி அழுவாகளா?” என்றாள்.

வேர்வை என்றேன். மார்கழிக் காலையில்.

இனி அந்தப் பக்கமே தலைவைப்பதில்லை என்று மறுநாள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். அவள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. எங்கே என்றேன்.

“அந்தப் பச்சைக் குருவி பறந்து வந்து என்னமாப் பிடிச்சுச்சு. பாத்துட்டு வாரேன்.”

புழுவாய்க் கிடந்த நாளிலிருந்து காவல் காத்தவனை வீட்டில் போட்டுவிட்டு, கொன்றவனைப் பார்க்கக் கிளம்பிப் போனாள்.