இரண்டு ஹாரன்

கப்பலூர்ப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த லேத்காரர் காதில் எப்போதும் ஒரு பீடியைச் செருகியிருப்பார். எழுமலைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் வீடு. வேலை முடிந்து சாயங்காலம் ஊருக்குப் போகிற சனிக்கிழமைகளில், காலை பஸ் டிரைவரிடம் சோழவந்தான் வெற்றிலை கொஞ்சம் கொடுப்பார். அவர் வீட்டைத் தாண்டும்போது டிரைவர் இரண்டு ஹாரன் அடிப்பார். அன்றைக்குப் புருஷன் வருகிறார் என்று மனைவி தெரிந்துகொள்வார்.

"தபால் கார்டு போடலாமேண்ணே?" என்று கேட்டேன்.

"காசு மிச்சம்ங்கிறது ஒரு பக்கம் மாப்ள. கார்டுன்னா எதுத்த வீட்டுப் புள்ளயில்ல வாசிச்சுக் காட்டணும். ஆரன் அவளுக்கு மட்டும்தானே வெளங்கும்."

ஓவர்டைம் இருந்த ஒரு சனிக்கிழமை அவர் வெற்றிலை கொடுக்கவில்லை. மத்தியானம் திரும்பி வந்த டிரைவர் பட்டறை வாசலில் பஸ்ஸை நிறுத்தினார்.

"குறுக்க ஆடு வந்துச்சுண்ணே. ஓங்க வீட்டு முன்னாடி ரெண்டு ஆரன் அடிச்சுட்டேன். திரும்பி வர்றப்ப பாத்தா, வீட்ல கோழியத் தொரத்திக்கிட்டிருக்காக."

லேத்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கை கழுவினார்.

"வாரேன்னு சொன்னது ஆடுதானேண்ணே, நீங்க இல்லையே" என்றேன்.

"ஆடு சொன்னா என்ன மாப்ள, சந்தோசப்பட்டது அவதானே" என்று சொல்லி, அடுத்த டிரிப்பு பஸ்ஸுக்காக ரோட்டில் போய் நின்றார்.

இப்போதும் எந்த பஸ்ஸாவது இரண்டு ஹாரன் அடித்தால், எங்கேயோ ஒரு கோழிக்கு ஆபத்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.