வடிவாய்ப் பூசிய கூரை

"செத்த நேரத்துல வாரேன்" என்று கொத்தனார் மாரிமுத்து போனில் சொன்னபோது திடுக்கிட்டுப் போனேன். யார் செத்தது? இராஜபாளையத்தில் அதற்குக் கொஞ்ச நேரம் என்று அர்த்தமாம். கணவர்தான் விளங்கப்படுத்தினார். சினிமா பார்த்துத் தமிழ்நாட்டுத் தமிழ் தெரியுமென்று நினைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரிக்கு இது புதிது. அந்தக் கொஞ்ச நேரம் அடுத்த கிழமைவரை நீண்டது.

கட்டார் நாட்டில் வேலை செய்தபோது பழகி, மணம் முடித்து, இவருடைய ஊருக்கு வந்தேன். இவருக்கு நூல் மில்லில் வேலை. வாடகைக்கு ஒரு சின்ன வீடு. மழை பெய்தால், மகளின் சேலைத் தொட்டில் தொங்கும் கொக்கியைச் சுற்றிக் கூரை கசியும். வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பித்தான் மாரிமுத்து வந்தார். "அண்ணை, வடிவாப் பூசிவிடுங்கோ" என்றேன். நன்றாகப் பூசுங்கள் என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வடிவாவா? செஞ்சிருவோம்" என்றார். மாலையில் போய்ப் பார்த்தால், கொக்கியைச் சுற்றிச் சிமெண்டில் ஒரு தாமரை, இதழ் இதழாக. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த மழையில் தாமரைக்குள்ளிருந்தும் தண்ணீர் சொட்டியது. பிறகு ஒரு காலை, பூச்சு பெயர்ந்து தொட்டிலுக்குள் விழுந்தது. மகள் அப்போது என் இடுப்பில் இருந்தாள். வெகுநேரம் அவளை இறக்கிவிட மனம் வரவில்லை.

"வீட்டுக்காரர்ட்ட நேர்ல போய்ச் சொல்லுவோம்" என்றார் கணவர். எனக்குத் தயக்கம். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து எத்தனையோ பேர் வீடுகளில் இருந்தோம். கூரை ஒழுகினால் அம்மா சத்தமில்லாமல் சட்டியை வைப்பார். "இன்னொருத்தர் வீடு பிள்ளை, குறை சொல்லாதை" என்பார். அந்தப் பழக்கம் கடல் தாண்டி என்னோடு வந்திருந்தது. ஆனால் தொட்டிலைப் பார்க்கப் பார்க்க இருக்க முடியவில்லை. இவர் ஷிப்டுக்குப் போனதும் பெயர்ந்த துண்டைப் பையில் போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்காரர் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். "அதான் பூசிக் குடுத்தாச்சேம்மா, பொறவு என்ன?" என்றார்.

"அதைப் பற்றித்தான் கதைக்க வந்தனான், ஐயா."

"கதை கேக்கவெல்லாம் நேரமில்லம்மா." பேசுவதைத்தான் நாங்கள் கதைப்பது என்போம்.

"கதை இல்லை ஐயா!" என் குரல் உயர்ந்துவிட்டது. இன்னொருத்தர் வீட்டில் இப்படி நான் பேசியதே இல்லை. துண்டை மேசைமேல் வைத்தேன். "இது என்ர பிள்ளையின்ர தொட்டிலுக்குள்ள விழுந்தது."

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி துண்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு இதழ் அப்படியே இருந்தது. "இது என்ன பூவு?" என்று கேட்டார். நடந்ததை நான் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பிள்ளையைப் பார்த்து முகம் மாறினார். "ஏங்க, தலையில விழுந்திருந்தா என்னத்துக்கு ஆகும்? போயிப் பாத்துட்டு வாங்க."

அவர் போனை எடுத்தார். "ஏலே மாரி, ஒழுகுறத அடைக்கச் சொன்னா பூவா போட்டுக் குடுத்திருக்க?"

மறுநாள் வீட்டுக்காரரும் மாரிமுத்துவும் வந்தார்கள். விரிசல் மேலே மாடித் தளத்தில் இருந்தது. அதைக் கொத்தி எடுத்து அடைத்தார்கள். ஈரம் காய்ந்த பிறகு ஒருநாள் மாடியில் தண்ணீரைத் தேக்கிவிட்டு, வீட்டுக்காரர் கீழே கூரையை அண்ணாந்து பார்த்தபடி காவல் நின்றார். ஒரு சொட்டு விழவில்லை.

"வடிவுன்னா எங்கூர்ல அழகும்மா" என்றார் மாரிமுத்து, தலையைச் சொறிந்துகொண்டே.

"எங்கட ஊரில அழகுக்கும் அதுதான், நல்லாச் செய்யிறதுக்கும் அதுதான், அண்ணை."

அவரும் சிரித்தார். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் விருந்தாளிபோல் இருந்தேன். குரலை உயர்த்திய பிறகுதான் குடியிருக்கத் தொடங்கியதாகத் தோன்றியது.

சில நாட்களில் மலைப்பக்கமிருந்து பெருமழை வந்தது. கூரை காய்ந்தே கிடந்தது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தார். அங்கே நல்ல வெயிலாம்.

"நம்ம ஊர்ல சரியான மழை அம்மா" என்றேன்.

"எந்த ஊரைச் சொல்லுறாய் பிள்ளை?"

சன்னலைத் திறந்து, போனை மழைக்கு அருகே நீட்டிப் பிடித்தேன்.