படுத்துக் குளித்த மிஷின்

பண்டசோழநல்லூரில் கரும்புக்குள் களை வெட்டும் மிஷினை ஓட்டுகிற ஒரே பெண் ரோஸ்லின். அந்தச் சின்ன பெட்ரோல் இன்ஜினைத் தானே பிரித்துப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டவள். காரணம் தெரியாமல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டாள்.

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காலை, சாமிநாதனின் கரும்புக் கொல்லையில் நின்று ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தாள். ஒரு முழம் வந்து, சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டது. மறுபடியும் மெல்ல இழுத்தாள். அதே இடம்.

"இன்னாமா, பொங்கல் மயக்கம் இன்னும் தெளியலையா அதுக்கு?" என்றார் சாமிநாதன். மறுநாள் இளங்கரும்புக்குத் தண்ணீர் விட வேண்டும். அதற்குள் களை போயாக வேண்டும். "மடுகரைக்காரன் மிஷின் சும்மாதான் நிக்குது. கூப்புட்டா வந்துருவான்."

அவன் வந்துவிட்டால் இந்தக் கொல்லையோடு சாமிநாதனின் பங்காளிகள் கொல்லை வேலையும் அவன் கைக்குப் போய்விடும். ரோஸ்லினுக்கு அது தெரியும்.

"கொஞ்சம் பொறுங்கண்ணா."

"தள்ளு, நான் ஒரு இழு இழுக்கறேன்."

"வேணாண்ணா. உள்ள என்னமோ தடுக்குது. முரட்டுத்தனமா இழுத்தா பிஸ்டன் ராடு வளைஞ்சிரும்."

குனிந்து பார்த்தாள். காற்று வடிகட்டும் டப்பாவிலிருந்து ஆயில் கசிந்திருந்தது. பெட்ரோல் டேங்கில் பெரிய குங்குமப் பொட்டு. வேலையில்லாத நாட்களில் மிஷின் நிற்பது அமுதத்தின் மாட்டுக் கொட்டகையில். அவளும் கைக்களை பறிக்க வந்திருந்தாள்.

"அக்கா, மிஷின இன்னா பண்ணுன?"

"மாட்டுப் பொங்கலாச்சேடி. மாட்டத்தான் வித்துட்டேன், கொட்டாயில இருக்கறது இது ஒண்ணுதான். குளிப்பாட்டி, பொட்டு வெச்சு, படையலும் போட்டேன்."

"நிக்க வெச்சா குளிப்பாட்டுன?"

"வயித்துல அவ்ளோ சேறு. படுக்க வெச்சுத் தேச்சு, அப்பிடியே காய வுட்டேன்."

"உன் மாட்டையும் இப்பிடித்தான் படுக்க வெப்பியா?"

"அது எழுந்து ஓடிரும். இது சொன்ன பேச்சக் கேட்டுச்சு."

சாமிநாதன் சிரித்துவிட்டார். ஆனால் போன் கையிலேயே இருந்தது.

அடியில் கிடக்கவேண்டிய ஆயில், மிஷின் படுத்ததும் பிஸ்டனுக்கு மேலே ஏறியிருக்க வேண்டும். ஆயிலை நசுக்க முடியாமல்தான் பிஸ்டன் நிற்கிறது என்று கணித்தாள். பெட்ரோலை அடைத்து, பிளக்கைக் கழற்றி, துளையின் மேல் பழந்துணியைப் போட்டாள். கயிற்றை நிதானமாக இழுத்தாள். இப்போது தடையில்லாமல் முழுதும் வந்தது. துணி கறுப்பாக நனைந்தது. வேறு துணியை மாற்றிப் போட்டு, அதில் ஆயில் படுவது நிற்கும்வரை இழுத்தாள். பிளக்கைத் துடைத்தாள். வடிகட்டியின் பஞ்சை சோப்பில் அலசிப் பிழிந்து வெயிலில் வைத்தாள்.

"அதுவும் காயணுமா?" என்றார் சாமிநாதன்.

"காயணுண்ணா."

பஞ்சு காய்ந்தது. குறைந்த ஆயிலை அளவு பார்த்து ஊற்றி எல்லாவற்றையும் மாட்டினாள். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் இருமி, வரப்பே மறையும்படி வெள்ளைப் புகை கக்கியது. அமுதம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புகை மெலிந்து, சத்தம் சீராயிற்று.

ரோஸ்லின் முதல் சாலில் இறங்கிப் போய்த் திரும்பி வந்தாள். சாமிநாதன் சாலுக்குள் குனிந்து, புரண்டு கிடந்த கோரையைக் காலால் தள்ளிப் பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்:

"இது முடிஞ்சதும் என் தம்பி கொல்லைக்குப் போயிரு. நான் சொல்லி வெக்கறேன்."